எதையும் தகவலென்று நம்பாத கண்ட்ரோல்

இந்த உலகத்தில் யாரும் யாருக்கும் தகவல் சொல்வதே கிடையாது என்று மனதார நம்பிய ஒரே மனிதர் எங்கள் கண்ட்ரோல்தான். வாயைத் திறக்கிற ஒவ்வொருவனும் எதையோ கேட்கத்தான் திறக்கிறான் என்பது அவர் கட்சி. போகிற போக்கில் அவரிடம், "மார்க்கெட்டுக்குப் போறேன்ணே" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினீர்கள் என்றால் தொலைந்தீர்கள். நீங்கள் போய்ச் சேர்வதற்குள் அவர் குறுக்கு வழியில் சைக்கிளை மிதித்து வந்து, காய்கறிக் கடை வாசலில் கையில் பையோடு நிற்பார். தூக்க ஆள் வேண்டும் என்றுதானே சொன்னீர்கள்? அப்படிச் சொல்லவே இல்லை என்று நீங்கள் நிரூபிப்பதற்குள் வாங்கின கீரை வாடிவிடும்.

நெய்வேலி நகரியத்தில் பிளாக்கை வட்டம் என்பார்கள். எங்கள் வட்டத்தில் அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. சுரங்கத்தின் கண்ட்ரோல் ரூமில் முப்பது வருஷத்துக்கு மேல் போன் எடுத்து ஓய்வு பெற்றவர், அதனால் கண்ட்ரோல். மகள் கல்யாணப் பத்திரிகையில் சொந்தப் பெயரைப் போட்டதுதான் தப்பாகப் போயிற்று. யாரோ தெரியாதவர் வீட்டு விசேஷம் என்று பாதிப் பேர் போகவில்லை. கல்யாணம் முடிந்த மறுநாள் அவரே வீடு வீடாகப் போய், வராததற்கு என்ன கஷ்டமோ என்று விசாரித்து லட்டு கொடுத்துவிட்டு வந்தார். ஓய்வுக்குப் பிறகு அந்த மகளின் குவார்ட்டர்ஸில்தான் இருந்தார். இருந்தார் என்று சொல்வதுகூடத் தப்பு. அங்கே அவர் சட்டைகள் இருந்தன. அவர் தெருவில்தான் இருந்தார்.

உட்காரவே மாட்டார். டீ குடிக்கிறதுகூட நடந்துகொண்டேதான். ஒரு கடையில் கிளாஸை வாங்கினால் மூன்று கடை தள்ளித்தான் குடித்து முடிப்பார், அங்கேயே வைத்துவிட்டுப் போய்விடுவார். எங்கள் மார்க்கெட்டில் எந்த டீக்கடை கிளாஸும் அதனதன் கடையில் இருந்ததில்லை.

இந்தச் சித்தாந்தம் அவருக்கு எங்கே பிடித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுரங்கத்துக்குள் மண்ணையும் நிலக்கரியையும் பெரிய பெரிய பெல்ட்டுகள் இழுத்துக்கொண்டு போகும். ஒவ்வொரு பெல்ட்டுக்கும் ஆள் உண்டு. எது நின்றாலும் ஓடினாலும் கண்ட்ரோல் ரூமுக்கு போன் வரும். ஒரு நாள் என்னை நடுரோட்டில் நிறுத்தி விளக்கினார். அவருக்குச் சொந்த ஊர் திருவதிகை. அந்தப் பக்கத்துப் பேச்சு கடைசிவரை மாறவில்லை.

"மூணாம் பெல்ட்டு நல்லா ஓடிகினு இருக்குதுன்னு ஒருத்தன் போன் பண்றான். நல்லா ஓடுற பெல்ட்டுக்கு எதுக்குய்யா போனு? அடுத்த ஷிப்ட்டு ஆளு வரல, இவன் பசியோட நின்னுகினு இருக்கான், அதான் விஷயம். போனை வெச்சதும் ஆளை அனுப்பிடுவேன். அவன் கேட்டானா? கேக்கவே இல்ல."

இப்படிப்பட்ட மனிதரிடம் எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸாப் போனைக் கொடுத்தது யார் என்று கேட்காதீர்கள். நான்தான். அப்போது நான் சங்கத்துக்குச் செயலாளர். சுரங்கத்து ஸ்டோர்ஸில் ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து, குப்பை வண்டி ஏன் வரவில்லை, தெருவிளக்கு ஏன் எரியவில்லை, கல்யாண ஹால் எந்தத் தேதியில் காலி என்று எழுதுகிறவர்களுக்கெல்லாம் பதில் போட என்னால் முடியவில்லை. கண்ட்ரோல் தாமாக வந்து கையை நீட்டினார். அவர் கண்ணில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பாவம், ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவருக்கு ஒரு போன்கூட வரவில்லை.

முதல் வாரமே ஊர் கலங்கிவிட்டது. எட்டாம் நம்பர் வீட்டில் ஓய்வு பெற்ற போர்மேன் ஒருவர் தினமும் விடியற்காலையில் ரோஜாப் பூ படத்தோடு காலை வணக்கம் அனுப்புவார். ஊரே அதைப் பார்க்காமல் அழித்துக்கொண்டிருந்தது. கண்ட்ரோல் மட்டும் ஐந்தரை மணிக்குப் போய்க் கதவைத் தட்டி, "என்னா வேணும்?" என்று நின்றார். போர்மேன் கோபமாகக் கத்தினாராம். கத்திவிட்டு, வந்தது வந்தீர்கள் ஒரு வாய் காபி குடியுங்கள் என்றாராம். மனைவி போன பிறகு அந்த வீட்டில் இரண்டு டம்ளர் காபி கலந்தது அன்றைக்குத்தானாம். அதற்குப் பிறகு இரண்டு பேரும் தினமும் பார்க் வரை நடந்தார்கள், ரோஜாப் பூ வருவது நின்றுவிட்டது.

ஆனால் எல்லாமே இப்படி நல்லபடியாக முடிந்துவிடவில்லை. அந்தக் கோடையில் ஒரு அம்மாள், "எங்கள் வீட்டுப் பலா பழுத்துவிட்டது" என்று போட்டோவோடு போட்டார். பெருமைக்குப் போட்டது. கண்ட்ரோல் அரிவாளும் நல்லெண்ணெயுமாகப் போய், வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் பழத்தை இறக்கி, சுளை எடுத்து, சுற்றுவட்டாரத்தில் பன்னிரண்டு வீட்டுக்குப் பங்கு வைத்துவிட்டார். சாப்பிட ஆள் இல்லாமல்தானே சொல்கிறார்கள் என்பது அவர் முடிவு. என் வீட்டுக்கும் ஆறு சுளை வந்தது, நன்றாகவே இருந்தது. அந்த அம்மாள் வேறு யாருமில்லை, எங்கள் சங்கத் தலைவரின் மனைவி. ஊரிலிருந்து வரும் சம்பந்திக்காக அந்தப் பழத்தை ஒரு மாதமாக சாக்கு கட்டிக் காத்து வந்திருக்கிறார்கள்.

தலைவர் கோயம்புத்தூர்ப் பக்கம். அதிர்ந்து பேச மாட்டார், ஆனால் நினைத்ததை விட மாட்டார். போன் இனி கண்ட்ரோல் கையில் இருக்கக்கூடாது, கேள்விக்குப் பதில், தகவலுக்கு நன்றி, இந்த வித்தியாசம் தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னிடம் சொன்னார். ஐப்பசி வரை தேடியும் அப்படிப்பட்ட ஆள் எங்கள் வட்டத்தில் கிடைக்கவில்லை. சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் அக்கா மகனிடம் புலம்பியபோது, "இதுக்கு எதுக்கு மாமா ஆளு? ஏ.ஐ. பாத்துக்கும்" என்றான்.

அது மொழி மாடலாம். தமிழில் எப்படி எழுதினாலும் படிக்குமாம். கேள்வியென்றால் எனக்கு அனுப்பும். தகவலென்றால் தானே 'தகவலுக்கு நன்றி' என்று பதில் போட்டுப் பதிந்து வைத்துக்கொள்ளும். அதற்கு மாதிரி காட்ட நூறு பழைய மெசேஜ் வேண்டும், எது கேள்வி எது தகவல் என்று குறித்துக் கொடுங்கள் என்றான். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து குறித்தேன். நீளமாக, பிழையில்லாமல் எழுதுகிற குவார்ட்டர்ஸ்காரர்களின் மெசேஜாகப் பார்த்து எடுத்தேன். குப்பை அள்ளுகிற, தோட்டம் பார்க்கிற கான்ட்ராக்ட் ஆட்கள் போட்டதெல்லாம் ஒரே வரியாக இருந்தது. அதையெல்லாம் தள்ளிவிட்டேன்.

இருந்தாலும் கண்ட்ரோலிடமிருந்து போனைச் சட்டென்று பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. தலைவரிடம் கெஞ்சி இரண்டு வாரம் தவணை வாங்கினேன். ஒவ்வொரு மெசேஜையும் ஏ.ஐ.யும் பிரிக்கட்டும், கண்ட்ரோலும் பிரிக்கட்டும், கடைசி ஞாயிறு கூட்டத்தில் ஒத்துப் பார்ப்போம், எது சரியோ அதனிடம் போன். அதுவரை போன் என்னிடம். கண்ட்ரோல் ஒத்துக்கொண்டார். ஆனால் என் வீட்டு வாசலில் போனைக் கொடுத்துவிட்டு, திருப்பித் தருவாயல்லவா என்பதுபோல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

போட்டி முதல் நாளே முடிந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். ஏ.ஐ. பிரித்ததில் குறை சொல்ல எதுவுமில்லை. கண்ட்ரோல் கொடுத்த தாளில் எல்லாமே கேள்வி. 'பிள்ளையார் கோயிலில் நாளை சங்கடஹர சதுர்த்தி' என்பதுகூடக் கேள்விதான். இப்படி எழுதினால் தோற்றுவிடுவீர்கள், நாலைந்தையாவது தகவலென்று மாற்றிக் கொடுங்கள் என்று ரகசியமாகச் சொல்லிப் பார்த்தேன். பொய் எழுதச் சொல்கிறாயா என்று முறைத்துவிட்டுப் போனார்.

இரண்டாவது வாரம் மழை பிடித்தது. கார்த்திகை மழை, இரண்டு நாளாக விடவில்லை. புதன்கிழமை முதல் ஷிப்ட் முடிந்து வந்து, தலையைத் துவட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். கண்ட்ரோல் சொட்டச் சொட்ட வாசலில் வந்து நின்று, ஹால் சாவி கொடு என்றார். எதற்கு என்றேன். தன் செல்போனை நீட்டினார். வருகிற மெசேஜையெல்லாம் போட்டிக்காக நான் அவருக்கும் போகிற மாதிரி வைத்திருந்தேன்.

அனுப்பியிருந்தது ஏழுமலை. எங்கள் வட்டத்தில் குப்பை அள்ளுகிறவர், கான்ட்ராக்ட். நகரியத்து எல்லைக்கு வெளியே வாய்க்கால் ஓரமாக நாலைந்து மண்சுவர் வீடுகள் உண்டு. அதில் ஒன்றில் மனைவி, இரண்டு பெண் குழந்தைகளோடு இருந்தார். மெசேஜ் இவ்வளவுதான்: 'மழ பேஞ்சிகினே இருக்குதுங்க.'

என் போனை எடுத்துப் பார்த்தேன். ஏ.ஐ. அதைத் தகவல் என்று பிரித்து, நன்றியும் சொல்லிவிட்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. மழை பெய்கிறது என்பதைவிடச் சுத்தமான தகவல் உலகத்தில் உண்டா? விடுங்கண்ணே என்றேன். கண்ட்ரோல் வராந்தாவில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே பேசினார்.

"ரெண்டு நாளா நம்ம தலமேலயே பேஞ்சிகினு இருக்குற மழைய அவன் எதுக்கு நமக்கு சொல்றான்? நமக்குத் தெரிஞ்சதையே ஒருத்தன் வந்து சொன்னான்னா, தெரியாத ஒண்ணு அதுக்குள்ள இருக்குது செக்ரட்டரி."

"ஹால்ல வந்து தங்கிக்கட்டுமான்னு நேரா ஒரு வரி கேக்கலாம்ல?"

"கான்ட்ராக்ட் ஆளுய்யா. கேட்டு, நீ இல்லைன்னுட்டா, நாளைக்கு உன் வூட்டு வாசல்ல வந்து எப்படி குப்ப அள்ளுவான்? சொல்லிட்டான்னா, நீ வந்தாலும் அவனுக்கு மரியாத, வராட்டியும் மரியாத."

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னும் இரண்டு வந்தன. 'வாய்க்கா தண்ணி வாசலுக்கு வந்துடுச்சிங்க.' தகவல், நன்றி. 'பின்னால செவுரு ஊறிகினு இருக்குதுங்க.' தகவல், நன்றி. நான் எழுந்து ஆணியில் இருந்த சாவியை எடுத்துக் கொடுத்தேன். அவர் சொன்னதை நம்பிக் கொடுத்தேன் என்று எழுத ஆசைதான். உண்மை அதில்லை. சோறு ஆறிக்கொண்டிருந்தது, இந்த ஆள் வாசலை விட்டுப் போனால் போதும் என்றிருந்தது.

நாலரை மணிக்கு மேல் குடையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனேன். அதுவும் அக்கறையில் இல்லை; சேற்றுக்காலோடு புது டைல்ஸை என்ன பண்ணி வைத்திருக்கிறார்களோ என்ற கவலை. உள்ளே ஐந்து குடும்பங்கள் இருந்தன. கண்ட்ரோல் எல்லோரையும் கொண்டுவந்து விட்டுவிட்டு, பிள்ளைகளுக்குப் பால் வாங்கப் போயிருந்தார். ஏழுமலை என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். அவர்கள் கிளம்பி வந்த கொஞ்ச நேரத்தில் பின்சுவர் உள்பக்கமாக விழுந்துவிட்டதாம். குழந்தைகள் இரண்டும் படுத்திருந்த பாய், வந்த அவசரத்தில் விட்டுவிட்டு வந்த பாய், அதற்கடியில் இருந்தது. அவர் மனைவி அஞ்சலை இரண்டு பிள்ளைகளையும் மடியை விட்டு இறக்கவே இல்லை.

"மூணு தபாவும் நன்றின்னு பதில் வந்துச்சிங்க" என்றார் ஏழுமலை. "சரி, பாத்துட்டாங்க, ஆளு வந்துகினு இருக்காங்கன்னு காத்துகினு இருந்தோங்க." இதைப் புகாராகச் சொல்லவில்லை. எனக்கு நன்றியாகச் சொன்னார். நான் டைல்ஸைப் பார்க்க வந்தவன் என்று அவருக்குத் தெரியாது.

மறுநாள் அக்கா மகனுக்குப் போன் போட்டுத் திட்டினேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கேள்வியா தகவலான்னுதானே மாமா நீங்க கேட்டீங்க? அதுக்கு அது சரியாத்தான் சொல்லிருக்கு. போய்ப் பாக்கணுமா வேணாமான்னு நீங்க கேக்கவே இல்லையே" என்றான். மாதிரிக்கு நான் கொடுத்த நூறு மெசேஜில் ஏழுமலை மாதிரி ஆட்கள் எழுதியது ஒன்றுகூட இல்லை என்பதையும் அவனே சொன்னான். திட்டுவதை நிறுத்திவிட்டுப் போனை வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் கூட்டம். வானம் வெளுத்திருந்தது. எல்லோரும் நாற்காலியில் இருக்க, கண்ட்ரோல் மட்டும் ஜன்னலோரம் நின்றுகொண்டும் நகர்ந்துகொண்டும் இருந்தார். தலைவர் இரண்டு தாளையும் ஒத்துப் படித்தார். கண்ட்ரோல் தாளில் பலர் சிரித்தார்கள். நான் எழுந்து புதன்கிழமை நடந்ததைச் சொன்னேன். சங்கடஹர சதுர்த்தியில் தோற்றாலும் பரவாயில்லை, இந்த ஒன்றில் கண்ட்ரோல்தானே சரி, போன் அவரிடமே இருக்கட்டும் என்றேன்.

தலைவர் நியாயஸ்தர். சம்பந்தப்பட்டவரையே கேட்டுவிடுவோம் என்று, ஹால் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த ஏழுமலையை உள்ளே கூப்பிட்டார். அவர் வாசலருகே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஏப்பா, அன்னைக்கு நீ சங்கத்துல தங்க இடம் கேட்டயா?"

"ஐயோ, நான் ஒண்ணுமே கேக்கலீங்க. மழ பேயுதுன்னு சொன்னேன், அவ்ளோதாங்க."

ஏழுமலை, இப்படி எழுதினாயே, அப்படி எழுதினாயே என்று நான் குறுக்கே புகுந்தேன். அவர் இன்னும் பயந்துபோய், சத்தியமாகக் கேட்கவில்லை என்று தலைவரைப் பார்த்துத் திரும்பத் திரும்பச் சொன்னார். நான்கு அதிகாரிகள் உட்கார்ந்திருக்கிற இடத்தில், உங்கள் ஹாலைக் கேட்டேன் என்று எந்தக் கான்ட்ராக்ட் ஆள் ஒத்துக்கொள்வான்? கண்ட்ரோல் வாயைத் திறந்தால் போதும். வராந்தாவில் என்னிடம் சொன்னதை அப்படியே இங்கே சொன்னால் போதும். எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவர் நடப்பதை நிறுத்திவிட்டு ஏழுமலையின் முகத்தைப் பார்த்தார்.

"ஆமாங்க. அவரு எதையும் கேக்கல" என்றார். "நானாத்தான் போனேன்."

போன் ஏ.ஐ.க்கே என்று தீர்மானம் ஆயிற்று. போன் என் சட்டைப் பையிலேயே தங்கிவிட்டது. நானே கையெழுத்தும் போட்டேன்.

வெளியே வந்தபோது கண்ட்ரோல் மரத்தடியில் சைக்கிள் பூட்டை மெதுவாகத் திறந்துகொண்டிருந்தார். அந்த மனிதர் எதையும் மெதுவாகச் செய்து நான் பார்த்ததில்லை. பக்கத்தில் போனேன். அப்போது ஏழுமலை வந்து கொஞ்சம் தள்ளியே நின்றார். சுவர் விழுந்த இடத்தில் தகரம் அடித்து முந்தின நாள்தான் வீட்டுக்குத் திரும்பியிருந்தார்கள். சைக்கிளின் பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"வூட்டுல இன்னிக்குக் கருவாட்டுக் கொழம்புங்க."

கண்ட்ரோல் நிமிர்ந்தார். "கத்திரிக்கா போட்டுதானே?" என்றார். ஏழுமலை தலையாட்டினார். இவர் ஸ்டாண்டைத் தட்டிவிட்டார்.

எனக்கு அந்த ஆளை அப்படியே போகவிட மனசில்லை. எவ்வளவு பிடிக்கும் அவரை என்று எனக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. நானும் எங்கேயோ பார்த்துக்கொண்டு, "எனக்குக் கருவாட்டுக் கொழம்புன்னா ரொம்பப் பிடிக்கும்ணே" என்றேன்.

கண்ட்ரோல் திரும்பி என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். கேரியரில் இருந்த பையை எடுத்து ஹேண்டில்பாரில் மாட்டினார்.

"ஏறு" என்றார்.

நாற்பத்தெட்டு வயதில் இன்னொருவர் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனேன். ஏழுமலை தன் சைக்கிளில் முன்னால் போனார். மேட்டில் கண்ட்ரோலுக்கு மூச்சு வாங்கியது; இறங்கட்டுமா என்று நான் கேட்கவில்லை, இறங்கு என்று அவரும் சொல்லவில்லை. அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஏழுமலை வீடு போய்ச் சேரும் வரை உட்கார்ந்திருந்தேன்.